கொக்கு உட்கார்ந்த இடம்

கடல் வெளியே போயிருக்கும் நேரத்தில்தான் கொக்குக்கு வேலை. ஊரில் மற்றவர்கள் கடிகாரம் பார்த்துக் கிளம்புவார்கள். அவர் நிலா பார்த்துக் கிளம்புவார். ஒரு வாரம் விடிகிற நேரத்தில் கடல் வற்றும், இன்னொரு வாரம் உச்சி வெயிலில் வற்றும். அதனால் தெருவில் எதிரே வருகிறவர்களுக்கு, இந்த ஆள் வேலைக்குப் போகிறாரா, முடித்துக்கொண்டு வருகிறாரா என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை. முனைக் கடைக்காரர் வாயைக் கட்டமுடியாமல் கேட்டே விடுவார்.

"என்னண்ணே, இப்பத்தான் எந்திரிச்சீங்களா, இல்ல படுக்கப் போறீங்களா?"

"வத்திருச்சு. போறேன்."

அதற்கு மேல் பேச்சு வராது. வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர்.

கொக்கு என்பது அவர் வேலை பார்க்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்த பெயர். சேற்றில் நடப்பது தனி வித்தை. காலை நேராக இழுத்தால் சேறு விடாது. பூட்ஸைத் தன்னிடம் வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். முதலில் குதிகாலை அசைத்துக் கொஞ்சம் காற்றை உள்ளே விடவேண்டும். அப்புறம் முட்டியை மடக்கி மேலே தூக்கவேண்டும். தூக்கின கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டுத்தான் கீழே வரும். ஆளோ நெடுநெடுவென்று உயரம், கால்களோ குச்சி. கரைச் சுவரில் நின்று பார்க்கிறவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கடல் வற்றினதும் கண்ணுக்கு எட்டின வரைக்கும் சேறுதான். ஆனால் அதைச் சேறு என்று சொல்ல மனசு வராது. மேலே ஒரு பூச்சுத் தண்ணீர் நின்றிருக்கும். அதில் மேகம் கிடக்கும். கொக்கு ஒரு மேகத்தில் காலை வைத்து அடுத்த மேகத்துக்குப் போவார். பின்னால் இடுப்பில் கட்டின கயிற்றில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் தொட்டி வழுக்கிக்கொண்டு வரும். காற்று இல்லாத நாளில் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். தொட்டிக்குள் சின்னப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும் சத்தம் மட்டும்தான், தான் இன்னும் பூமியில் இருப்பதற்கு அடையாளம்.

கரையிலிருந்து கடல் விளிம்பு வரைக்கும் வரிசையாக ஐந்து கம்புகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்புக்கும் போய், முட்டி போட்டு, சேற்றில் ஒரு குழாயைச் செருகி எடுப்பதுதான் வேலை. பெரிய ஊசி மருந்துக் குழாய்தான் அது, நுனியை மட்டும் அறுத்து எறிந்தது. மருந்தை ஏற்றுவதற்குப் பதிலாக இது சேற்றை இழுக்கும். இழுத்ததைப் பாட்டிலில் தள்ளி மூடி, எந்தக் கம்பு என்று எழுதி ஒட்டவேண்டும். ஒரு விரல் கனம் சேறு. அதற்காக இவ்வளவு நடை.

அந்த விரல் கனத்துக்குள் என்ன இருக்கிறது என்பது நிலையத்து உள்ளறையில்தான் தெரியும். நீளமான கழுவு தொட்டி, இரண்டு குழாய், ஜன்னலோரம் இரண்டு மைக்ராஸ்கோப். அங்கே சல்லடை அக்கா இருந்தாள். கொக்கைவிட நாலைந்து வயது மூத்தவள். மெல்லிய துணிபோன்ற சல்லடையில் சேற்றைக் கொட்டி, தண்ணீரை ஒழுகவிட்டு, மிச்சத்தில் ரோஸ் நிறச் சாயம் ஊற்றுவாள். மண் அப்படியே இருக்கும். உயிர் இருந்தது மட்டும் ரோஸாகிவிடும். மெல்லிய புழுக்களுக்கு அவள் வைத்த பெயர் நூல். காலும் மீசையும் உள்ளதற்குத் துள்ளி. ஓட்டுக்குள் குடியிருப்பதெல்லாம் பொடிச்சிப்பி. புத்தகத்தில் இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. டாக்டரம்மா அந்தப் பெயர்களை எழுதுவார். பேசும்போது அவரும் நூல், துள்ளி என்றுதான் பேசுவார். டாக்டரம்மா ஊசி போடும் டாக்டர் இல்லை. சேறு படித்த டாக்டர்.

கொக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்ராஸ்கோப்பில் ஒரு தரம் பார்த்திருக்கிறார். பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சொட்டுச் சேற்றில் அத்தனை பேர்! நெளிகிறவன், உருள்கிறவன், இன்னொருத்தனை விழுங்குகிறவன். இதன் மேலா நாம் பூட்ஸ் போட்டு நடக்கிறோம் என்று மனசு கனத்துப் போய், மறுநாள் சேற்றில் கால் வைக்கவே கூசினார். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடிப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பாட்டிலை வைப்பார், வந்துவிடுவார்.

கண்ணுக்குத் தெரிகிற ஒன்றே ஒன்று அவருக்குப் போதுமாயிருந்தது. அதற்குப் பொன்தூள் என்று பெயர் வைத்திருந்தார். பாசி இனம்தான். ஒன்று ஒன்றாகப் பார்த்தால் தெரியாது. கோடிக்கணக்கில் கூடினால் நிறமாகத் தெரியும். கடல் வற்றி வெயில் பட்டதும் சேற்றுக்குள்ளிருந்து அவை மேலே ஏறி வரும். சாம்பலாகக் கிடந்த தரை மெல்ல மெல்லத் தேன் நிறமாகும். மறுபடி தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, யாரோ காதில் சொன்னமாதிரி, எல்லாம் உள்ளே இறங்கிவிடும். மழைக் காலத்தில் ஒரு மாதிரி, வெயில் காலத்தில் ஒரு மாதிரி. முதல் கம்பில் அடர்த்தியாக, கடைசிக் கம்பில் துணியில் பட்ட கறைபோலச் சன்னமாக. நேற்றுப் பார்த்த சேறு இன்றைக்கு இல்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டிய சங்கதி இல்லை. அதைப் பார்க்கத்தான் அவர் வேலைக்கே போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வலது முட்டி பிசகியது.

ஒருநாள் வீட்டுப் படி இறங்கும்போது, உள்ளே ஒரு கூழாங்கல் இடம் மாறினமாதிரி இருந்தது. அப்புறம் அந்தக் கல் அங்கேயே குடியேறிவிட்டது. தரையில் நடக்கும்போது சும்மா இருக்கும். சேற்றில் காலைத் தூக்கும்போது சரியாக நடுவில் வந்து சிக்கும். நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. தனியாகச் சேற்றுக்குப் போகிறவர் உடம்பில் கோளாறு இருக்கக்கூடாது. நியாயமான சட்டம்தான், ஏறுகிற கடல் நொண்டுகிறவனுக்காகக் காத்திருக்காது. கோளாறு என்று தெரிந்தால் பின்கட்டில் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. டியூப்லைட் எரிந்துகொண்டே இருக்கும். வெளியே கடல் வந்திருக்கிறதா போயிருக்கிறதா என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. அதை நினைத்தாலே கொக்குக்கு மூச்சு முட்டும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டின பெண்டாட்டியிடம்கூட.

வலிக்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார். மூன்றாம் கம்பு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். அங்கே பாட்டில்களைக் கம்படியில் வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். கல் கொஞ்சம் விலகும். எழுந்து போய் முட்டி போடுவதற்குச் சோம்பி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தொட்டி விளிம்பை ஒட்டிக் குழாயைச் செருகிச் சேறு எடுத்துக்கொள்வார். மற்றக் கம்புகளில் ஒவ்வொரு தரமும் புது இடம் பார்த்துத்தான் எடுப்பார், அதுதான் முறை. மூன்றாம் கம்பில் மட்டும் உட்கார்ந்த இடமே இடம். ஒரே தொட்டி, ஒரே ஆள், ஒரே பாரம். கரையிலிருந்து பார்த்தால் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பு முளைத்தமாதிரி இருக்கும். யாரும் கவனிக்கவில்லை.

வெயில் காலம் போய் மழை வந்து, மழையும் ஓய்ந்த சமயத்தில் டாக்டரம்மா முகம் சரியில்லை.

"மூணாங் கம்புல என்னமோ நடக்குதுண்ணா" என்றார். கொக்கு பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா நடக்குது?"

"துள்ளியே காணோம். மழைக்குக் குறையும், மறுபடி வந்துரும். ரெண்டாங் கம்புல வந்துருச்சு, நாலுல வந்துருச்சு. மூணுல மட்டும் வரல. எங்க பார்த்தாலும் நூலு நூலாக் கிடக்கு."

"நூலுக்கு என்ன கேடு?" என்றாள் சல்லடை அக்கா. "அது மூச்சே விடாமக் கிடக்கும். துள்ளிதான் சொகுசு."

"அதேதான். சேத்துக்குள்ள காத்து குறைஞ்சா முதல்ல ஊரைக் காலி பண்றது துள்ளி. கருப்புச் சேறு வேற மேல வந்துருக்கு. எங்கேயிருந்தோ கழிவுத்தண்ணி கசியுதோன்னு பயமா இருக்கு. நீங்க போறவர். உங்க கண்ணுக்கு ஏதாவது பட்டுச்சா?"

கொக்கு யோசித்தார். உண்மையாகவே ஒன்றும் பட்டிருக்கவில்லை. "இல்லம்மா. நாளைக்கு நல்லா உட்... நல்லாப் பார்க்கிறேன்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு மனசே சரியில்லை. தன் சேறு சீக்காகிவிட்டதே என்று துக்கம். மறுநாள் மூன்றாம் கம்பில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்தார். நாலு பக்கமும் கண்ணை ஓட்டினார். தண்ணீர் எங்கிருந்தாவது நிறம் மாறி வருகிறதா? நாற்றம் உண்டா? குனிந்து மோந்து பார்த்தார். காலடியில் அழுகின முட்டை வாடை லேசாக அடித்தது.  அடுத்தடுத்த நாட்களில் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தார். நோயாளிக்குத் துணை இருக்கிறமாதிரி உட்கார்ந்தார். அவர் எவ்வளவுக்கெவ்வளவு துணை இருந்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு அங்கே துள்ளி குறைந்தது.

கடைசியில் டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். மூன்றாம் கம்பைச் சுற்றி, பக்கத்திலும் தள்ளியும் எட்டத்திலுமாகப் பல இடங்களில் சேறு எடுத்து வரச் சொன்னார். கொக்கு எடுத்து வந்தார். அன்றைக்கு முட்டி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. சல்லடை அக்கா அலசினாள். டாக்டரம்மா எண்ணினார். எண்ணி, எந்த இடத்தில் துள்ளி இல்லையோ அங்கே பெரிய வெள்ளைத்தாளில் ரோஸ் பென்சிலால் புள்ளி வைத்தார்.

சாயங்காலம் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மூன்று பேரும் பார்த்தார்கள். ரோஸ் புள்ளிகள் அங்கங்கே சிதறியிருக்கவில்லை. ஒரு இடத்தில் கூடி, அழகாக வட்டமாக இருந்தன. வட்டத்துக்கு ஒரு பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு திட்டு. அதைத் தாண்டினால் துள்ளிக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டரம்மா வட்டத்தின் குறுக்களவை விரலால் அளந்தார். அப்புறம் திரும்பி, மூலையில் சாத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தார். போய் அதன் வாயைச் சாணால் அளந்தார். திரும்பி வந்து தாளில் இருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார்.

"அட!" என்றாள் சல்லடை அக்கா. "கழிவுத்தண்ணி என்ன வட்டம் போட்டா கசியும்? யாரோ குந்திக் குந்திச் சேத்தை அமுக்கியிருக்காங்க. ரெண்டு பாதம்கூட வச்சிருக்காங்க பாருங்க. எந்த யானைன்னு தெரியலியே!"

அவள் மட்டும் சிரித்தாள். கொக்கின் காது மடல் இரண்டும் சாயம் ஊற்றினமாதிரி ஆனது. இத்தனை மாதம் வாய் திறக்காமல் கட்டிக்காத்த ரகசியத்தை, கண்ணுக்கே தெரியாத ஜந்துக்கள் வட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டன. இப்போதே டாக்டரம்மா கேட்டுவிடுவார், பாட்டில் அறைக்குப் போ என்பார் என்று நின்றார். அவர் கேட்கவில்லை.

"நாளைக்கு நானும் வர்றேண்ணா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வெயிலில் கடல் வற்றியது. நல்ல நாள், காற்று இல்லை. கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகக் கிடந்தது. கொக்கு முன்னால் போனார், டாக்டரம்மா பின்னால் வந்தார். கொக்கு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார். இன்றைக்கு உட்காரமாட்டேன். உட்காராமலே கடைசிக் கம்பு வரைக்கும் போய்க் காட்டிவிடுவேன். அப்புறம் அந்த வட்டத்துக்கு யார் பொறுப்பு என்று யாரால் சொல்லமுடியும்?

மூன்றாம் கம்பு வந்தது. முட்டிக்குள் கல் அலறியது. கொக்கு குனிந்து, நின்றவாக்கிலேயே குழாயைச் செருகி எடுத்தார்.

"உட்காரலியாண்ணா?"

"எதுக்கும்மா?"

"சும்மா கேட்டேன்."

நடந்தார். பின்னால் டாக்டரம்மாவின் பூட்ஸ் சேற்றை உறிஞ்சும் சத்தம். சுற்றிலும் தரை தேன் நிறமாகப் பழுத்திருந்தது. வானத்தின் நீலம் அதன்மேல் மெல்லிய கண்ணாடிபோலப் படர்ந்திருந்தது. இந்த ஒரு நடை போய்விட்டால் போதும், போய்விட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே வலது காலைத் தூக்கினார். தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. அப்படியே நின்றது. கீழே வரமாட்டேன் என்றது.

அப்புறம் அவர் உட்கார்ந்திருந்தார். விழுந்தமாதிரியே தெரியவில்லை. சேறு அவரை மெத்தைபோல வாங்கிக்கொண்டது. இடுப்பு வரைக்கும் சில்லென்று இருந்தது.

"பாட்டில் ஒண்ணும் உடையலம்மா" என்றார் முதலில்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், முகத்தில் கோபம் இல்லை. "எவ்வளவு நாளா?" என்றார்.

"போன வெயிலுக்கு முன்னாலேருந்து."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா உள்ள போட்டுருவீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து கடலைப் பார்த்தார். வெள்ளிக் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. "ஏத்தம் ஆரம்பிச்சிருச்சு. எந்திரிங்க."

"கால் மடங்கமாட்டேங்குது. நீங்க போங்கம்மா, நான் மெல்ல வந்துருவேன்."

"எப்படி, நீந்தியா? தொட்டியில ஏறுங்க."

"நானா?"

"இங்க வேற யாரு இருக்கா? ஏறுங்கண்ணா!"

அந்தக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். குளிப்பாட்ட உட்காரவைத்த குழந்தைபோல, நெடுநெடுவென்று ஒரு ஆள் தொட்டிக்குள். மடியில் பாட்டில்கள். வலது கால் வெளியே நீட்டிக்கொண்டு துடுப்புபோல. டாக்டரம்மா கயிற்றை இடுப்பில் கட்டி இழுக்கிறார். ஒல்லியான பெண், தொட்டி நகரவில்லை. கொக்கு இடது காலை வெளியே போட்டு உந்தினார். அவர் உந்த, இவர் இழுக்க, தொட்டி ஒரு வழுக்கு வழுக்கி ஓடத் தொடங்கியது.

கொக்கு இத்தனை வருஷத்தில் சேற்றை இவ்வளவு தாழ இருந்து பார்த்ததில்லை. மூக்குக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நண்டு வளை பெரிய கிணறுபோல வந்து போனது. நத்தை இழுத்த கோடு சாலைபோல வளைந்து போனது. தேன் நிறம் முழுக்க ஒரே நிறம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மேட்டில் பொன், பள்ளத்தில் பச்சை, நடுவில் தோலுரிந்தமாதிரி சாம்பல் திட்டுகள். சுருங்கிச் சுருங்கி மடிந்த ஒரு பட்டுத்துணிமேல் யாரோ அவரை இழுத்துக்கொண்டு போகிறமாதிரி இருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பொன் மங்கத் தொடங்கியது. மேகம் மறைக்கவில்லை, வெயில் அப்படியே இருந்தது. தண்ணீர் இன்னும் எட்டவில்லை. ஆனால் தரை கண்ணை மூடிக்கொள்வதுபோல நிறம் உள்ளே போனது.

"அம்மா" என்றார் கொக்கு, வலியை மறந்து. "பொன்தூள் இறங்குதும்மா."

"தெரியும்ணா. பேசாம உந்துங்க."

கரைச் சுவரைத் தொட்டபோது முதல் தண்ணீர் அவர்கள் தொட்டி இழுத்த தடத்தில் நாக்குபோல நீண்டு வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மாவே ஆட்டோவில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கொக்கின் மனைவி தையல்காரி. முன்னறைதான் அவள் கடை. மிஷினை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். டாக்டரம்மா போனதும் கேட்டாள்.

"வலது முட்டிதானே?"

கொக்கு திடுக்கிட்டார். "யாரு சொன்னா?"

அவள் எழுந்து போய்க் கொடியிலிருந்து அவருடைய வேலைப் பேண்ட்டை எடுத்து வந்து மடியில் போட்டாள். "இது சொல்லுச்சு. இடது முட்டியில ரெண்டு தடவை ஒட்டுப் போட்டாச்சு. வலது முட்டி கடையில வாங்கின மாதிரியே மினுமினுங்குது. முன்னாடி ரெண்டும் சேர்ந்தாப்புல தேயும். ஒரு முட்டியை மட்டும் ஊன்றினா ஒண்ணுதானே தேயும்? தையக்காரிகிட்ட மறைக்கிற விஷயமா இது?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன். வாயிலயும் பூட்ஸ் போட்டிருக்கீங்க, சேறு பிடிச்சு இழுத்தாத்தான் கழலும்போல."

"சொன்னாப் போகாதேன்னு சொல்லிருவே."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க நாள் முழுக்க வீட்டுல இருந்தா யாருக்குத் தலைவலி?" என்றாள். சொல்லிவிட்டு அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

முட்டிக்குள் கிழிந்துபோன ஜவ்வு ஒன்று மடங்கிக் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சின்ன ஓட்டை போட்டுச் சரிசெய்தார்கள். சேற்றுப்பக்கம் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்கு, கால் சொல்லும் என்றார்கள்.

கொக்கு கட்டையை ஊன்றிக்கொண்டு நிலையத்துக்குப் போய் நின்றார். "பாட்டில் ரூம்தானேம்மா?" என்றார். 

"அது அப்புறம்" என்றார் டாக்டரம்மா. "முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். நீங்க உட்கார்ந்த இடத்துல இனிமே யாரும் உட்காரப் போறதில்ல. நான் போய் எட்டி நின்னு சேறு எடுத்துட்டு வருவேன். அங்க என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். பழையபடி ஆகுதா, இல்ல அப்படியே நின்னுருதா. நீங்க அக்காவோட உட்கார்ந்து எண்ணுங்க."

"நானா? அந்தக் கண்ணாடியிலயா?"

"ஏன், கடிச்சிருமா?" என்றாள் சல்லடை அக்கா.

ஜன்னலோரம் இரண்டாவது மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கால் ஒரு முக்காலிமேல். கொக்கு பயந்துகொண்டேதான் கண்ணை வைத்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் வெளிச்சம். அப்புறம் ரோஸ் நிறத்தில் நூல், நூலுக்கு மேல் நூல். வீசியெறிந்த தையல் குப்பைபோல இருந்தது. தட்டை மெல்ல நகர்த்தினால் மணல் மலைகள் வந்தன. மலைக்கு இடுக்கில் ஒரு பொடிச்சிப்பி கண்ணாடிக் கூண்டுபோல நின்றது. எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கால் தூக்காமலே நடக்கிற நடை. அக்கா தோளைத் தட்டிக் கூப்பிடும்வரைக்கும் அவர் திரும்பவில்லை.

"ஏன் தம்பி, செத்துகித்துப் போயிட்டியோன்னு பார்த்தேன். சரி, பந்தயம் வச்சுக்கலாமா? சேறு முந்துமா, உன் முட்டி முந்துமா?"

"முட்டிதான்."

"நான் சேத்துப் பக்கம்."

அக்கா ஜெயித்துவிட்டாள். கொக்கு இன்னும் கட்டையை விடாத சமயத்திலேயே, மூன்றாம் கம்புப் பாட்டிலில் ஒருநாள் ஒரு துள்ளி வந்தது. தனியாக, நூல்களுக்கு நடுவில் மீசையை விரித்துக்கொண்டு. அடுத்த தரம் ஏழெட்டு. அப்புறம் கருப்புச் சேறு கீழே இறங்கிவிட்டது என்று டாக்டரம்மா வந்து சொன்னார். சுவரில் ஒட்டின ஒவ்வொரு புதுத் தாளிலும் ரோஸ் வட்டம் ஓரத்திலிருந்து கரைந்தது. இரண்டு பாதங்களும் காணாமல் போயின. கடைசித் தாளில் மூன்றாம் கம்பும் மற்ற இடமும் ஒன்றாகவே இருந்தன.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கொக்கு மட்டும் பழைய தாளையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இத்தனை காலம் உட்கார்ந்தேன். பொசுக்குன்னு மறந்துருச்சே" என்றார்.

"நீ என்ன சிலையா வைக்கச் சொன்னே?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மறக்கலண்ணா. ஏத்தம் வரும்போது பக்கத்துச் சேத்துலேருந்து தண்ணியோட வந்து குடியேறியிருக்கு. இடம் கிடைச்சா வந்துரும். அதான் அதுங்க குணம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில நடக்கலாம்னு எழுதிக் குடுத்தாச்சு, பார்த்தேன். மேல பேசினேன். தனியாப் போகக்கூடாது, யாராவது கூட இருக்கணும்னு சொல்லி ஒத்துக்கிட்டாங்க. ஆனா நான் ஒண்ணு சொல்லுவேன்."

"சொல்லுங்கம்மா."

"வலிச்சா உட்காருங்க. நூறு தடவை உட்காருங்க. ஆனா கம்புக்குப் பக்கத்துல வேண்டாம். ஒரு தடவை உட்கார்ந்த இடத்துல இன்னொரு தடவையும் வேண்டாம். உங்களுக்குக் களைப்பு வரலாம்ணா, ஒரே இடத்துல வரக்கூடாது."

கொக்கு தலையை ஆட்டினார். 

திரும்பப் போன முதல் நாள், கடல் பிற்பகலில் வற்றியது. இரண்டாம் கம்பைத் தாண்டினதுமே முட்டி பேசத் தொடங்கிவிட்டது. முன்னைப்போல அலறவில்லை, வயசான நாய்போல முனகியது. டாக்டரம்மா முன்னால் போய்விட்டிருந்தார். கொக்கு தொட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். எந்த இடமும் காலிதான். எந்த இடத்திலும் அடியில் ஆள் இருக்கிறது, அதுவும் தெரியும். கம்பு வரிசையை விட்டு விலகி, இதுவரை போகாத பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், தொட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

இங்கிருந்து பார்த்தால் கம்புகள் வேறு மாதிரி நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல், பரவலாக, எங்கேயோ போகிறவர்கள் போல. தரை அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவருடைய நிழல் விழுந்த இடத்தில் மட்டும் சாம்பல் அப்படியே இருந்தது. அதைக் கவனித்தார். மெல்ல உடம்பைச் சாய்த்து நிழலைக் கொஞ்சம் நகர்த்தினார். வெயில் பட்ட இடத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொன்தூள் கூச்சத்தோடு மேலே வந்தது.

"அண்ணா, சரியா இருக்கீங்களா?" என்று தூரத்திலிருந்து டாக்டரம்மா குரல் மிதந்து வந்தது.

"இருக்கேம்மா. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்" என்றார் கொக்கு. எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னார்.